முந்தி ஓடினவனும் உள்ளே போனவனும்



சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயரே, என் பெரியவனுக்காக ஜெபியுங்கள். சின்னவனுக்கு இருக்கிற துணிச்சல் இவனுக்கும் வரவேண்டும்" என்றார். இளையவன் சங்கு குளிக்கப் போகிறவன். மூத்தவன் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவன். வெளியூர் வேலை இரண்டு முறை கூடிவந்தும் தயங்கி நின்றுவிட்டான். கேட்டபடியே ஜெபித்து அனுப்பினேன். அந்த ஜெபம் இப்போது என்னை உறுத்துகிறது.

திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் பக்கம் உப்பளங்களில் நெடுங்கால் உள்ளான்கள் நிற்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். வண்டியை நிறுத்தினால் சில உடனே எழும்பும். சில நம்மை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மேய்ந்துகொண்டிருக்கும். பசிதான் காரணம் என்று எண்ணியிருந்தேன். பறவைக்கும் தனித்தனிச் சுபாவம் உண்டு என்பதை அண்மையில்தான் வாசித்தறிந்தேன்.

நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள், நம் பட்டாணிக்குருவிக்கு உறவான ஒரு காட்டுப் பறவையைப் பிடித்து, ஓர் இரவு வைத்திருந்து, காலையில் ஐந்து செயற்கை மரங்கள் நின்ற அறையில் ஒவ்வொன்றாய் விட்டார்கள். முதல் இரண்டு நிமிடங்களில் அது எவ்வளவு சுற்றி ஆராய்கிறது என்று எண்ணினார்கள். பின்பு பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். சில பறவைகள் மரத்துக்கு மரம் தாவின. சில ஒரே கிளையில் அமர்ந்து நோட்டம் பார்த்தன. இந்தச் சுபாவம் ஓரளவு பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கும் இறங்குகிறது.

எது பிழைத்தது? 2004இல் நீல்ஸ் டிங்கமான்ஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஓர் ஆண்டு வேகமான பெண் பறவைகள் அதிகம் பிழைத்தன. அதே ஆண்டில் ஆண்களிலோ நிதானமானவை பிழைத்தன. பீச் மரங்கள் மிகுதியாய்க் காய்த்த ஆண்டில் எல்லாம் தலைகீழானது. வேகமும் நிதானமும் காட்டில் இன்றும் சேர்ந்தே இருப்பதற்கு இது ஒரு காரணம். எல்லா ஆண்டுக்கும் பொருந்திய ஒரே சுபாவம் அங்கே இல்லை.

பறவையைக் கொண்டு மனிதனை அளப்பது பிரசங்கிமாருக்குரிய கெட்ட பழக்கம், எனக்கும் உண்டு. ஆகவே வேதத்துக்கே திரும்புகிறேன். யோவான் 20ஆம் அதிகாரத்தில் இரண்டு சீஷர் கல்லறைக்கு ஓடுகிறார்கள். முந்தி ஓடினவன் வாசலில் குனிந்து பார்த்து நின்றுவிடுகிறான். பிந்தி வந்த பேதுரு நேரே உள்ளே போகிறான். நின்றவனை எவரும் கடிந்துகொள்ளவில்லை. அவனும் பிற்பாடு உள்ளே போனான், விசுவாசித்தான்.

நம் கடற்கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கல்லோடு கடலில் இறங்கினவரைப் பற்றி நாம் பெருமையாய்ப் பேசுகிறோம். படகில் கயிறு பிடித்து, அசைவுக்காகக் காத்திருந்து, மேலே இழுத்தவரைப் பேசுகிறோமா? குளிப்பவரின் மூச்சு அவர் கையில் அல்லவா இருந்தது?

மூத்தவனிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவன் அந்த வேலைகளுக்கு ஏன் போகவில்லை என்பதே எனக்குத் தெரியாது. தம்பி கடலுக்குப் போகும் நாட்களில் வீட்டில் தாயோடு இருப்பது யார் என்றும் விசாரிக்கவில்லை. இந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். முதலில் அவனோடு பேசவேண்டும். பிறகு தாயாரிடம், அன்று நான் ஏறெடுத்த ஜெபத்தை நிறுத்திக்கொண்டேன் என்று சொல்லவேண்டும்.