குடிகாரப் பாட்டும் நானும்

"என்னங்க, அந்தக் குடிகாரப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா? குழந்தை இப்பத்தான் கண்ணை மூடியிருக்கா!"

1984-ல் அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துக்குக் குடித்தனம் வந்த புதிதில், அநேகமாக தினம் ராத்திரி நான் சொன்ன வசனம் இது. டென்னஸி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில், ‘கன்ட்ரி’ சங்கீதத்துக்குப் பேர் போன ஊர். என் கணவருக்கு அங்கே வேலை கிடைத்தது. வேலையோடு ஒரு பைத்தியமும் பிடித்துக்கொண்டது. பழைய எல்.பி. ரிக்கார்டு சேர்க்கும் பைத்தியம்! சனிக்கிழமை காலை காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் தெருத் தெருவாகக் ‘கராஜ் சேல்’ பார்த்துக்கொண்டே போவார். கார் நிறுத்தும் கொட்டகையில் வீட்டுக்காரர்கள் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்பார்களே, அதுதான். குழந்தைக்குத் தொட்டில் பார்த்து வாங்கி வரச் சொல்லி அனுப்பினால், பன்னிரண்டு ரிக்கார்டோடு வந்து நிற்பார். "ஒண்ணு கால் டாலர்தாம்மா!" என்று சமாதானம் வேறு.

அதிலும் அவர் தேடிப் பிடித்தது ‘ஹாங்கி டாங்க்’ என்கிற வகை. ஹாங்கி டாங்க் என்றால் மலிவான மதுக்கடை. ஓரமாக ஒரு மேடை, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ், நடுவில் ஆடுவதற்கு இடம். 1933-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு போனதும், டெக்ஸாஸ் எண்ணெய்க் கிணற்றுப் பக்கங்களில் இப்படிப்பட்ட கடைகள் பெருகின. அந்த இரைச்சலில் பாட்டு காதில் விழ வேண்டாமா? அதனால் கிட்டாருக்கு மின்சாரம் வந்தது. பிறகு டிரம் வந்தது. எர்னஸ்ட் டப் என்பவர் 1941-ல் மின்சார கிட்டாரோடு பாடிய ‘வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ’தான் இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி என்பார்கள். அவர் 1947-ல் நாஷ்வில்லில் ஒரு ரிக்கார்டு கடையும் வைத்தார். என் கணவருக்கு அது கோவில் மாதிரி. 2022-ல் அந்தக் கடையை மூடியபோது மனுஷர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை!

எனக்கோ அந்தப் பாட்டுகளைக் கேட்டாலே எரிச்சலாக வரும். கதை எப்போதும் ஒன்றேதான். பெண்டாட்டி போய்விட்டாள், அதனால் குடிக்கிறேன். இல்லையென்றால், குடிக்கிறேன், அதனால் பெண்டாட்டி போய்விட்டாள்! ஹாங்க் வில்லியம்ஸ் என்று ஒரு பாடகர். பிறவியிலேயே முதுகெலும்பில் கோளாறு, ஓயாத வலி, அதற்கு மேல் குடி. 1953 ஜனவரி முதல் தேதி காரின் பின் ஸீட்டிலேயே உயிர் போய்விட்டது. வயது 29. அவருடைய ‘மோனின் த ப்ளூஸ்’ என்ற பத்து அங்குல ரிக்கார்டு (1952) சேகரிப்பவர்களுக்குத் தங்கக் கட்டி மாதிரி. வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டுமாம்: பிற்காலத்தில் அவர் பாட்டுகளைச் செயற்கையாக ‘ஸ்டீரியோ’ ஆக்கி வெளியிட்டார்கள். அதில் குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பழைய ‘மோனோ’ தட்டுதான் கேட்க நன்றாக இருக்கும்.

நாளாக நாளாக, பிடிக்காது பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே சிலதை நான் ரசிக்க ஆரம்பித்துவிட்டேன். ரே ப்ரைஸின் ‘நைட் லைஃப்’ (1963) அப்படி ஒன்று. முதலில் நம்மோடு பேசிவிட்டுத்தான் பாட ஆரம்பிக்கிறார். பட்டி எம்மன்ஸ் அதில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறார். மேஜை மாதிரி படுக்க வைத்த கிட்டார் அது. இடது கையில் ஒரு உலோகத் தண்டால் தந்திகளை வருட வேண்டும், காலால் மிதித்தால் ஸ்வரம் வளையும். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல் மாதிரியே இருக்கும். மெர்ல் ஹாகார்டின் ‘ஸ்விங்கிங் டோர்ஸ்’ (1966) கலிபோர்னியா பேக்கர்ஸ்ஃபீல்டு ஊர்ப் பாணி, விறுவிறுப்பு. மதுக்கடையையே வீடு என்று சொல்லிக்கொள்கிற ஆளின் பாட்டு அது. எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

ஜார்ஜ் ஜோன்ஸின் ‘த கிராண்ட் டூர்’ (1974) மட்டும் வேறு ரகம். தலைப்புப் பாட்டில் ஒருவன் வந்தவர்களைக் கூப்பிட்டுத் தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறான். நாற்காலி, கட்டில், அலமாரி... கடைசியில் குழந்தையின் அறை. காலி! அதைக் கேட்ட அன்று நான் கையில் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே ஜோன்ஸ், மனைவி கார் சாவியை ஒளித்து வைத்ததால், புல் வெட்டும் வண்டியில் ஏறிக்கொண்டு சாராயக் கடைக்குப் போனதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். என் கணவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. சாவியை ஒளித்து வைத்த அந்த அம்மாளின் முகம்தான் மனசில் வரும்.

அடுத்த வீட்டில் ஒரு அம்மாள் இருந்தார். அறுபது வயதுக்கு மேல். புருஷன் லாரி ஓட்டினவர், காலமாகிவிட்டார். ஒரு நாள் கேக் மாவு சலித்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரர் வாங்கறதெல்லாம் பாதிக் கதைதான், கண்ணு" என்றார். "என் புருஷனோட ரிக்கார்டெல்லாம் ஹாலில். என்னோடது மூணும் இதோ இங்கே, மாவு டப்பாவுக்குப் பக்கத்திலே."

மூன்றும் பெண்கள் பாடியவை.

முதலாவது ‘கிட்டி வெல்ஸ் கன்ட்ரி ஹிட் பரேட்’ (1956). சகோதரிகளே, இந்தக் கிட்டி வெல்ஸின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நாஷ்வில்லிலேயே பிறந்தவர். 18 வயதில் கல்யாணம். பாடிப் பார்த்து ஒன்றும் பிரயோசனமில்லை என்று, குழந்தைகளோடு வீட்டில் இருந்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்த சமயம். 1952-ல் ஹாங்க் தாம்ஸன் என்பவர் பாடிய ஒரு பாட்டு நாடெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது: வீட்டை விட்டு மதுக்கடை வெளிச்சத்துக்குப் போன பெண்ணைக் குற்றம் சொல்லும் பாட்டு. அதற்குப் பதில் பாட்டாக ஒன்று எழுதி, பாடுகிறாயா என்று கிட்டியைக் கேட்டார்கள். பாடினால் 125 டாலர் கிடைக்கும் என்பதற்காகத்தான் போய்ப் பாடினாராம்! பெண்களைக் கெடுப்பதே, கல்யாணமாகியும் ஆகாத மாதிரி திரிகிற ஆண்கள்தான் என்று அந்தப் பாட்டு திருப்பிக் கேட்டது. ரேடியோவில் தடை. நாஷ்வில்லின் பெரிய வானொலி மேடையான ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’யிலும் முதலில் பாட விடவில்லை. ஆனால் ரிக்கார்டு விற்றுத் தீர்ந்தது. கன்ட்ரி விற்பனைப் பட்டியலில் தனியாகப் பாடி முதலிடத்துக்கு வந்த முதல் பெண் அவர்தான். குரலில் ஆர்ப்பாட்டமே கிடையாது. புறக்கடையில் துணி உலர்த்திக்கொண்டே பேசுகிற மாதிரி பாடுவார். கணவரோடு எழுபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, 2012-ல் காலமானார்.

இரண்டாவது, ஜீன் ஷெப்பர்டின் ‘சாங்ஸ் ஆஃப் எ லவ் அஃபேர்’ (1956). மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கல்யாணமான ஒருவனை நேசித்துவிட்ட பெண் முதல் பக்கத்தில் பாடுகிறாள். ரிக்கார்டைத் திருப்பிப் போட்டால், அவன் மனைவி பாடுகிறாள்! இரண்டு பேருக்கும் அதே குரல். அந்த அம்மாள் இரண்டாம் பக்கத்தை எத்தனை தடவை போட்டாரோ, அந்தப் பக்கம் மட்டும் சரசரவென்று தேய்ந்திருக்கிறது. இதைப் பாடிய ஜீன் ஷெப்பர்டுக்கு வாழ்க்கை வைத்த சோதனை அதைவிடப் பெரிது. அவர் கணவர் ஹாக்ஷா ஹாகின்ஸும் பாடகர். 1963 மார்ச் 5-ம் தேதி, பாட்ஸி க்ளைன் இறந்த அதே விமான விபத்தில் அவரும் போய்விட்டார். இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் எட்டு மாதம். அடுத்த மாதம் பிள்ளை பிறந்தது. 1964-ல் மறுபடி பாட வந்து வெற்றியும் பெற்றார். 2016-ல் காலமாகும் வரை அந்த ஊரில் அவருக்கு இருந்த மரியாதையே தனி.

மூன்றாவது, லொரெட்டா லின் பாடிய ‘டோன்ட் கம் ஹோம் எ ட்ரிங்கின்’ (1967). பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: குடித்துவிட்டு வீட்டுக்கு வராதே! கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். 15 வயதில் கல்யாணம், 21 ஆவதற்குள் நாலு குழந்தைகள். கிட்டார் வாங்கிக் கொடுத்துப் பாடச் சொன்னதும் கணவர்தான். குடித்து அழ வைத்ததும் அவர்தான். 1960-ல் முதல் ரிக்கார்டு வந்தபோது இருவரும் காரில் ஊர் ஊராக ரேடியோ நிலையங்களுக்கு எடுத்துப் போனார்கள். கன்ட்ரி பாடகிகளில் முதன்முதலாகத் தங்கத் தட்டுச் சான்று பெற்ற ஆல்பம் இந்த 1967-ம் வருஷத்து ஆல்பம்தான். பிற்பாடு 1975-ல் கருத்தடை மாத்திரையைப் பற்றியே அவர் பாட, பல ரேடியோ நிலையங்கள் போட மறுத்ததும் நடந்தது. 2022-ல் 90 வயதில் இறந்தார்.

"இதைப் போட்டுக் கேட்டாவது உங்க வீட்டுக்காரர் திருந்தினாரா?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"ரிக்கார்டு போட்டா குடிக்கிறவன் திருந்துவானா, கண்ணு? நான் ஒருத்தி மட்டும் இல்லேன்னு தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு அது போதும்."

இதைக் கேட்டபோது எனக்குள் ஏன் திக்கென்றது என்று இப்போது சொல்கிறேன். 1991-ல் என் கணவருக்கு வேலை போயிருந்தது. பகலெல்லாம் மனு எழுதுவார். ராத்திரி நிலவறையில் ரிக்கார்டு. முதலில் ஒரு கிளாஸ், பிறகு இரண்டு. ஒரு நாள் தூசி தட்டப் போனவள், ரிக்கார்டு வரிசைக்குப் பின்னால் பாட்டிலைப் பார்த்தேன். ஊருக்கு எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்கிற பயம் நமக்கு இருக்கிறதே!

அடுத்த வாரம் லொரெட்டாவின் ரிக்கார்டை இரவல் வாங்கிக்கொண்டு கீழே போனேன். நானே ஊசியை வைத்தேன். முதலில் அவர் சிரித்தார். பாட்டு முடிந்ததும் கேட்டேன்: "பின்னால இருக்கிற பாட்டிலை நான் எடுக்கட்டுமா, நீங்க எடுக்கறீங்களா?"

அவரே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். அன்றோடு விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ஆரம்பம். அப்போதுதான் பக்கத்து வீட்டு அம்மாள் என்னை ‘அல்-அனான்’ கூட்டத்துக்கு அழைத்துப் போனார். குடிக்கிறவருக்காக இல்லை, அவர் வீட்டில் இருக்கிறவர்களுக்காக 1951-ல் ஆரம்பித்த அமைப்பு அது. முதல் நாள் வாயே திறக்காமல் ஒரு மணி நேரம் அழுதுவிட்டு வந்தேன். அவர் ஒரு டாக்டரிடம் போகச் சம்மதிக்க மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. (தினமும் நிறையக் குடித்தவர்கள் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து, ஜன்னி கண்டு வலிப்பு வரலாம். டாக்டர் யோசனையோடுதான் நிறுத்த வேண்டும். எனக்கு இது அன்றைக்குத் தெரியாது.) நிறுத்தினார், நடுவில் ஒருமுறை சறுக்கினார், மறுபடி நிறுத்தினார். அதே பாட்டுகளை இன்றும் கேட்கிறார். கையில் இஞ்சி டீயோடு.

ரிக்கார்டுகளைப் பராமரிக்கிற பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. வெயில், சூடு ஆகாது. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்க வேண்டும். அழுக்கானால், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் கோடுகளோடேயே வட்டமாகத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை. நடுவிலிருக்கும் காகிதம் நனையக் கூடாது. அதற்கும் முந்தைய 78 சுழல் தட்டுகள் அரக்கில் செய்தவை. அவற்றைச் சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். குடிகாரப் பாட்டு பாடும் தட்டுக்கே சாராயம் ஆகாது, பாருங்கள்!

பக்கத்து வீட்டு அம்மாள் 2003-ல் காலமானார். அவருடைய பெண் வந்து, "உங்களுக்குக் கொடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு காகிதப் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று ரிக்கார்டுகள். ஜீன் ஷெப்பர்டின் உறையில் காபிக் கோப்பை வைத்த வட்டக் கறை ஒன்று. கறை பட்ட உறைக்கு மதிப்புக் குறைவு என்கிறார் என் கணவர்.

போன மாதம் எங்கள் பெண் வந்திருந்தாள். 1984-ல் தூங்க விடாமல் அடித்தோமே, அவளேதான். புதிதாக ரிக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறாளாம். அப்பாவிடமிருந்து ‘நைட் லைஃப்’, ‘கிராண்ட் டூர்’ இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்புறம் சமையலறைக்கு வந்து, "அம்மா, இங்கே மூணு வெச்சிருக்கியே..." என்று இழுத்தாள்.

"நான் இருக்கிற வரைக்கும் அது அங்கேதான் இருக்கும்" என்றேன். சமையலறைச் சூட்டில் ரிக்கார்டு வளைந்துவிடும் என்று அவர் இப்போதும் சண்டை போடுகிறார். அடுப்பிலிருந்து தள்ளித்தான் வைத்திருக்கிறேன், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில்.