ஒட்டு விழுந்த மனிபோல்ட்

புதிய பொருளை விற்பவனுக்கு நாவன்மை இருந்தாற் போதும். பழைய பொருளை விற்பவனுக்கோ அதன் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை வாங்க வந்தவரிடம் சொல்லும் மனமும் வேண்டும். அண்மையில் வட்டக்கச்சியிலுள்ள எங்கள் வளவில் எஞ்சியிருந்த மொறிஸ் மைனர் காரின் மனிபோல்டை விற்க முனைந்தபோது, இவ்விரண்டிற் பின்னையது எவ்வளவு அரிது என்பதைக் கண்டேன்.

மனிபோல்டை அறியாத வாசகருக்காக ஒரு சொல். இயந்திரத்தின் விலாவில் பொருத்தப்படும் பல வாய்க் குழாய் அது. காபரேற்றரிலிருந்து வரும் எரிபொருட் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடுவது அதன் ஒரு பாகம். எரிந்த புகையைத் திரட்டி வெளியேற்றுவது மற்றைய பாகம். மொறிஸ் மைனரில் இரண்டும் ஒரே வார்ப்பிரும்பு. சூடான புகைவழியை ஒட்டியே கலவை செல்லும் வழியும் இருப்பதால், உள்ளே போகும் பெற்றோல் வெப்பமேறி நன்கு ஆவியாகும். இங்கிலாந்தின் குளிரை எண்ணிச் செய்த ஏற்பாடு. அது கிளிநொச்சி வெயிலிலே வேறொரு காரியத்துக்கு உதவப் போகிறதென்று அதை வகுத்தவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. பொருளாதாரத் தடையால் வன்னியிலே பெற்றோல், மருந்துபோல் சொட்டுக் கணக்கில் அளக்கும் பொருளாயிற்று. அப்போதுதான் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றரில் சிறிது பெற்றோலை வார்த்து இயந்திரத்தைக் கிளப்பி, மனிபோல்ட் சுடும்வரை பொறுத்திருந்து, பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இது நம்மவரின் புதுமை மட்டுமன்று. 1949இல் இங்கிலாந்தில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திர வகை ஒன்றும் பெற்றோலிற் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் உழுதது. ஆனால் அதற்கென்றே வடிவமைத்த இயந்திரம் அது. எங்கள் காரோ தட்டுத் தடுமாறி, வெண்புகை கக்கி, ‘டக் டக்’ என்று இடித்துக்கொண்டே ஓடிற்று. எரியாத மண்ணெண்ணெய் என்ஜின் ஒயிலிற் கலந்து அதைத் தண்ணீராக்கும்; கரி படியும். ஆயினும் இரவில் பிள்ளைப்பேற்று நோவெடுத்த பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது அந்தக் கார்தான். 1996இல் இடம்பெயர்ந்தபோது பாட்டியையும் நெல்மூடைகளையும் விசுவமடு வரை சுமந்ததும் அதுவே.

1993இல் மனிபோல்டின் புகைவழியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்புக் கண்டது. வேறொன்று வாங்க வழியில்லை. அயலிலிருந்த கொல்லர் அதைக் கரியடுப்பிலே செஞ்சூடாக்கி, வெண்காரம் தூவி, உடைந்த பித்தளைச் செம்பொன்றின் கழுத்தை உருக்கி ஒட்டினார். இருண்ட இரும்பில் மஞ்சட் கோடாக அந்த ஒட்டு இன்றுமிருக்கிறது. 2008இல் வால்வு தேய்ப்பதற்காக என்ஜினைத் திறந்திருந்த வேளையிற் போர் நெருங்கிற்று. கழற்றி வைத்த சாமான்களை உரப்பையிற் கட்டித் தேசிமரத்தடியில் புதைத்துவிட்டுப் புறப்பட்டோம். 2010இல் திரும்பியபோது காரைக் காணவில்லை. பை மட்டும் இருந்தது.

முதலில் வந்தவர் பழைய இரும்பு வியாபாரி. “கிலோக் கணக்கிலே தாருங்கோ, ஐயா” என்றார். அவர் சொன்ன தொகை ஒரு மூடை நெல்லுக்கும் போதாது. அடுத்து, கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியிற் பேசினார். ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் சிறிய பந்தயக் காரை அவர் புதுப்பித்துக்கொண்டிருந்தார். 1958இல் வெளிவந்த அந்தக் காருக்கும் மொறிஸ் மைனர் 1000க்கும் 948 சீசீ இயந்திரம் ஒன்றே. ஸ்பிரைட்டுக்கு இரட்டைக் காபரேற்றர் என்பது முக்கியமான வேறுபாடு. நம் வீட்டு மாட்டுவண்டிக் காரும் பந்தயக் காரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! அவருக்கு டேர்போ பூட்டும் ஆசையும் இருந்தது. வெளியேறும் புகையின் வேகத்தாலே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிப்பது டேர்போ. அதன் பாரத்தையும் சூட்டையும் மனிபோல்டே தாங்க வேண்டும். அவர் சொன்ன விலையைக் கேட்டு வீட்டார் முகம் மலர்ந்தது. கூரை வேலை ஒன்று பணமின்றி நெடுநாளாய் நின்றிருந்தது.

மருமகன் ஒரு யோசனை சொன்னான். “மாமா, சில்வர் பெயின்ற் ஒரு பூச்சுப் பூசிப் படமெடுத்தால் ஒட்டுத் தெரியாது. அவர் கேட்டால் சொல்லுவம்.” பையன் தீயவனல்லன், உலக வழக்கைச் சொன்னான். ஆனால் கேளாத கேள்விக்குப் பதில் சொல்லாதிருப்பது ஒரு சூதென்றே எனக்குப் பட்டது. பித்தளை ஏறத்தாழ 900 பாகை சென்ரிகிரேட்டில் உருகும். கடுகி ஓடும் டேர்போ இயந்திரத்தின் புகையும் அச்சூட்டை நெருங்கும். மண்ணெண்ணெயில் மெல்ல ஓடிய காருக்குப் போதுமாயிருந்த ஒட்டு, அந்த இளைஞரின் நெடுஞ்சாலை ஓட்டத்தில் எத்தனை நாள் நிற்கும்? மஞ்சட் கோடு நன்கு தெரியும்படி படமெடுத்து, அதன் கதையையும் எழுதி அனுப்பச் செய்தேன். நன்றி கூறி விலகிக்கொண்டார். வீட்டிலே இரண்டு நாள் என்னோடு எவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து மொறிஸ் மைனர் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் பஸ்ஸில் வந்தார். ஒட்டைப் பற்றி நான் சொல்லி முடிக்குமுன்பே அதைக் கண்டு தடவிப் பார்த்தார். மனிபோல்டை ஒரு கயிற்றில் தூக்கிப் பிடித்து, சாவியொன்றால் ஆங்காங்கே தட்டிச் செவிகொடுத்தார். வெடித்த வார்ப்பிரும்பு மந்தமாக ஒலிக்கும். வெடிப்பில்லாதது மணிபோல் நீண்டொலிக்கும். “கொல்லன் நல்லாய்ச் செய்திருக்கிறான், ஐயா. என்ரை ஓட்டத்துக்கு இது போதும்” என்றார். கொழும்பு விலையிற் பாதி தந்தார். கூரையிலும் பாதிதான் முடிந்தது.

சாக்கிற் சுற்றிக்கொண்டு போகும்போது நட்டுகளையும் எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. அதையும் விலை பேசும்போதே சொல்லியிருந்தேன்.