பின்பக்கம்

கோவை கோபாலபுரத்தில், கோர்ட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில், ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். கவிதை எழுதுகிறவன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாக என் வேலை, பரணில் கிடக்கும் பழைய கட்டுகளை இறக்கி, நாடாவை அவிழ்த்து, துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கி, தாள் தாளாக ஸ்கேனருக்கு ஊட்டுவது.

பழைய பத்திரங்களின் தமிழ் எனக்குப் பிடிக்கும். புஞ்சைக் காட்டின் நான்கு எல்லைகளையும், கவலைக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கையும், மாமூல் வண்டித்தடத்தையும் ஒரே வாக்கியத்தில் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கிற தைரியம் நம் உரைநடைக்காரர்கள் பலருக்கு இல்லை. ஃபைலுக்குப் பெயர் வைப்பதில்தான் சங்கடம். வழக்கு எண், வருஷம், கட்சிக்காரர் பெயர், என்ன தாள் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். அதில் அடங்காதவை 'இதர' என்ற ஃபோல்டருக்குப் போகும். நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு வருவது அதுதான்.

ஆரம்பத்தில் கறுப்பு வெள்ளையில், முன்பக்கம் மட்டும் ஸ்கேன் செய்தேன். ஃபைல் சிறியதாக இருக்கும். வேலையும் சீக்கிரம் முடியும். அப்படி முடித்த நாற்பது கட்டுகள், முடிந்துபோன வழக்குகள் என்பதால், எடைக்குப் போயின.

போன மாசம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து வயதான அம்மாள் ஒருவர் பேத்தியோடு வந்தார். அவருடைய அப்பா காலத்துக் கூர்ச்சீட்டைப் பார்க்க வேண்டுமாம். பதிவு செய்யாத தாள்; சார்பதிவாளர் அலுவலகத்தில் தேட வழியில்லை. திரையில் காட்டினேன். கைநாட்டு இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு.

"இது என்ற கையுங்களா தம்பி?" என்று கட்டைவிரலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

நல்லவேளை, அந்தக் கட்டு இன்னும் பரணில் இருந்தது. தாளில் ஊதா மையில் ரேகை தெளிவாக ஓடியது. பின்பக்கத்தில் பென்சிலில் சீர் கொடுத்த பவுன் கணக்கும், கடைசியில் 'பாக்கி' என்று ஒரு தொகையும். பேத்தி படித்துக் காட்டினாள்.

"பாக்கி இருக்குதுன்னு நாஞ் சொன்னப்ப ஒருத்தரும் நம்புலீங்க" என்றார் அந்த அம்மாள்.

அன்றிலிருந்து கலரில், இரண்டு பக்கமும்.

2013-இல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மானியர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். ஜெராக்ஸ் கம்பெனியின் மெஷின் ஒன்றில் கட்டிட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, வெவ்வேறு பரப்புள்ள மூன்று அறைகளுக்கும் ஒரே எண் விழுந்திருந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க, ஒன்றுபோல் தோன்றியவற்றை மெஷின் ஒன்றாகவே வைத்துக்கொண்டுவிட்டது. மங்கலோ கறையோ இல்லை. தப்பு சுத்தமாக இருந்தது.

2024 ஜூலை 1 முதல், 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க அதன் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. ஃபைலின் ஹாஷ் எண்ணையும் அதில் எழுத வேண்டும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஸ்கேன் ஆனபிறகு நடந்ததற்குத்தான் அது ஜவாப்தாரி. ஸ்கேன் ஆகும்போது தொலைந்தது அதற்குத் தெரியாது. கோர்ட்டுகளின் பழைய கட்டுகளை ஸ்கேன் செய்வதையும் உள்ளிட்ட இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அரசு 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அங்கேயும் என்னைப்போல் ஒருவன் குண்டூசி பிடுங்கிக்கொண்டிருப்பான்.

எடைக்குப் போன நாற்பதில் ஒன்று போன வாரம் மறுபடி உயிர்பெற்றது. அதே காட்டுக்குப் புது வழக்கு. வக்கீல் சான்றிதழ்ப் படிவத்தை என் முன் வைத்தார். "மெஷின் உங்க பொறுப்புதானே, கையெழுத்துப் போட்டுருங்க."

அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை, நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லப் படிவத்தில் இடம் கிடையாது. ஓரத்தில், 'பின்பக்கங்கள் ஸ்கேன் செய்யப்படவில்லை, அசல் இப்போது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வக்கீல் படித்தார். எதிர்த்தரப்புக்கு இந்த ஒரு வரி போதும் என்றார். அந்த வரியை அவர் அடிக்கவில்லை. தாக்கல் செய்யவும் இல்லை. தாள் என் மேஜைமேல் இருக்கிறது.