'பார்ப் செத்ததுக்கு யார் அழுதாங்க?' - பேய் சீரியல்களும் ரசிகர்களின் பாசமும்!

பெரிய மூக்குக்கண்ணாடி, குட்டையாக வெட்டிய செம்பட்டை முடி, தோழி தப்பான வழியில் போய்விடுவாளோ என்ற கவலை படிந்த முகம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பார்ப்!

2016 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான முதல் சீசனில் பார்ப் வருவது கொஞ்ச நேரம்தான். தோழி நான்சிக்குத் துணையாக ஒரு வீட்டுக்குப் போகிறாள். நான்சி தன் காதலனுடன் மாடிக்குப் போய்விட, பார்ப் மட்டும் நீச்சல் குளத்தின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கையில் சின்னதாக ஒரு வெட்டுக்காயம். ஒரு சொட்டு ரத்தம் தண்ணீரில் விழுகிறது. அந்த ரத்த வாடைக்கு வந்த பூதம் அவளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அதே ஊரில் வில் என்ற சிறுவனும் காணாமல் போகிறான். அவனுக்காக அம்மா வீட்டுச் சுவரையே கோடரியால் உடைக்கிறாள். நண்பர்கள் சைக்கிளில் அலைகிறார்கள். போலீஸ் அதிகாரி உயிரைப் பணயம் வைக்கிறார். ஆனால் பார்ப்? நான்சியைத் தவிர யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 'வீட்டை விட்டு ஓடிப்போயிருப்பாள்' என்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

கதையில் வருகிறவர்கள் மறந்துவிட்டார்கள். பார்த்தவர்களால் மறக்க முடியவில்லை. 'பார்புக்கு நீதி வேண்டும்' என்று ஹேஷ்டேக் போட்டார்கள். மீம் போட்டார்கள், படம் வரைந்தார்கள். பாதி கேலி, பாதி நிஜமான கோபம். ஏனென்றால் பார்பை எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் ஓரமாக நிற்கிற, துணைக்கு மட்டும் கூப்பிடப்படுகிற, போனால் யாரும் கவனிக்காத பெண். அந்த இடத்தில் ஒருநாளாவது நின்றவர்கள்தான் அவளுக்காக அதிகம் சண்டை போட்டிருப்பார்கள்.

2017-ல் வந்த இரண்டாவது சீசனில் பார்பின் பெற்றோர் வருகிறார்கள். மகளைக் கண்டுபிடிக்க ஆள் வைத்து, அந்தச் செலவுக்காக வீட்டையே விற்கத் துணிந்திருக்கிறார்கள். குற்ற உணர்ச்சியில் துடிக்கும் நான்சி உண்மையை வெளியே கொண்டுவரப் போராடுகிறாள். கடைசியில் பார்புக்கு ஒரு இறுதிச் சடங்கு நடக்கிறது. பார்பாக நடித்த ஷானன் பர்சருக்கு அதுதான் முதல் வேடம். கொஞ்ச நேரமே வந்த அந்த வேடத்துக்கு அதே வருடம் எம்மி விருதுப் பரிந்துரையும் கிடைத்தது!

இந்தப் பாசம் சோஷியல் மீடியா வந்த பிறகு முளைத்தது என்று நினைத்தால், அது தப்பு. அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு ரத்தக்காட்டேரியைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள்.

1966 ஜூனில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 'டார்க் ஷேடோஸ்' என்ற சீரியல் தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகலில் ஒளிபரப்பாகும் மெகா சீரியல். ஆரம்பத்தில் பெரிய வரவேற்பு இல்லை. எப்படியாவது தூக்கி நிறுத்த வேண்டுமே என்று தயாரிப்பாளர் டான் கர்டிஸ் கதைக்குள் ஆவிகளைக் கொண்டுவந்தார். 1967 ஏப்ரலில் ரத்தக்காட்டேரியும் வந்தது. நகைக்கு ஆசைப்பட்ட ஒருவன் சங்கிலியால் கட்டப்பட்ட சவப்பெட்டியைத் திறக்க, உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அவன் கழுத்தைப் பிடித்தது. பர்னபாஸ் காலின்ஸ் வந்துவிட்டார்.

சில வாரம் பயமுறுத்திவிட்டு, நெஞ்சில் ஆப்பு அடித்து முடித்துவிடுவதுதான் திட்டம். நடித்த ஜொனாதன் ஃப்ரிட் நாற்பது வயதைத் தாண்டிய கனடா நாட்டு நாடக நடிகர். அவரும் கொஞ்ச நாள் வேலை என்று நினைத்துத்தான் வந்தார். வசனம் மனப்பாடம் ஆகாமல் டெலிப்ராம்ப்டரைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பார். அந்தத் தவிப்பும் தயக்கமும் திரையில் வேறு மாதிரி தெரிந்தன. எதையோ இழந்துவிட்டுத் தேடுகிற மனிதனின் கண்களாக!

கடிதங்கள் குவிந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் டி.வி-யைப் பார்க்க வீட்டுக்கு ஓடினார்கள். பர்னபாஸின் மரண தண்டனை ரத்தானது. பிறகு கதையே 1795-ம் ஆண்டுக்குப் போய், அவர் எப்படி இப்படி ஆனார் என்று சொன்னது. காதலில் ஏமாந்த ஒரு சூனியக்காரி கொடுத்த சாபம், கண் முன்னால் இழந்த காதலி. பல்லுக்குப் பயந்தவர்கள் இப்போது அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பர்னபாஸ் நல்லவர் இல்லை. மேகி என்ற அப்பாவிப் பெண்ணைத் தன் பழைய காதலியாக நினைத்துக் கடத்தி அடைத்துவைத்தவர். ரசிகர்கள் அதை நியாயம் என்று சொல்லி அவரை நேசிக்கவில்லை. 'இந்தச் சாபத்திலிருந்து இவருக்கு விடுதலை கிடைக்காதா?' என்றுதான் தினமும் காத்திருந்தார்கள். ஒருவர் செய்தது தப்பு என்று தெரிந்தும், அவர் திருந்த வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. இதை அனுபவிக்காத குடும்பம் உண்டா என்ன?

இப்படிக் கதைக்குள் போன பாசம் சில நேரம் நிஜ மனிதர்களிடமும் வந்து சேரும். 2005 முதல் 2020 வரை 15 சீசன்கள் ஓடிய 'சூப்பர்நேச்சுரல்' தொடரில், பேய்களை வேட்டையாடும் அண்ணன் தம்பியில் தம்பி சாமாக நடித்தவர் ஜாரெட் படலெக்கி. தனக்கு மன அழுத்தம் இருந்ததை அவர் வெளிப்படையாகப் பேசினார். 2015-ல் 'தொடர்ந்து போராடு' என்ற பொருளில் மனநல விழிப்புணர்வுப் பிரசாரத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு சான் டியாகோ காமிக்-கான் அரங்கில் அவர் மேடையில் இருந்தபோது, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கையில் சின்னச் சின்ன விளக்குகளை ஏற்றிப் பிடித்தார்கள். பேய்களோடு சண்டை போட்ட சாமுக்காக மட்டும் ஏற்றப்பட்டவை அல்ல அவை. தன் மனசோடு சண்டை போட்ட மனிதருக்காகவும்தான்.

பேய்க் கதையில் பயம் இரண்டு நாளில் போய்விடும். முதல்முறை தூக்கிப்போட்ட காட்சியை மறுபடி பார்த்தால் சிரிப்புகூட வரும். ஆனால் இருட்டில் தனியாக மாட்டிக்கொண்டவர்கள் மனசில் தங்கிவிடுகிறார்கள். காதல் கதையில் 'இவர்கள் சேர்வார்களா?' என்று கேட்கிறோம். பேய்க் கதையில் கேட்பது இன்னும் அடிப்படையான கேள்வி. 'இவர் உயிரோடு வீடு திரும்புவாரா? திரும்பாவிட்டால் யாராவது தேடுவார்களா?'

'டார்க் ஷேடோஸ்' 1971 ஏப்ரலில் முடிந்தது. மொத்தம் 1,225 எபிசோடுகள். பழைய டேப்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது டி.வி உலகில் சாதாரணமாக இருந்த காலம் அது. இருந்தும் ஒன்றைத் தவிர எல்லா எபிசோடுகளும் தப்பின. தொலைந்துபோன அந்த ஒன்றையும் பிறகு திரும்ப உருவாக்கினார்கள். எப்படித் தெரியுமா? ஒளிபரப்பானபோது யாரோ வீட்டில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்தக் குரல்களோடு புகைப்படங்களைச் சேர்த்து எபிசோடை மீட்டார்கள்.

வீடியோ ரெக்கார்டர் வீடுகளுக்கு வராத காலத்தில், டி.வி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஒருவர் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். நாளை இது தேவைப்படும் என்று அவருக்குத் தெரியாது. பிடித்தவர்களின் குரலாவது கூட இருக்கட்டும் என்று நினைத்திருப்பார், அவ்வளவுதான்!