வீடும் வழியும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பிறக்கும் உயிர் ஒன்றாயினும் பிழைக்க வேண்டிய உயிர்கள் இரண்டு என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர். இவ்வுண்மையை நான் நூல்களிற் கற்றதிலும் பார்க்க எங்கள் வீட்டிற் கற்றதே அதிகம். அதனை இங்கு எழுதும்படி என்னைத் தூண்டியது, இலண்டனில் வாழும் என் தங்கை தொலைபேசியிற் சொன்ன ஒரு செய்தி.

அப்போது அவளுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதம். முதற்பிள்ளை அந்நகரத்து வைத்தியசாலை ஒன்றிற் சுகமாகப் பிறந்திருந்தது. "இந்த முறை வீட்டிலை பெறலாமெண்டு யோசிக்கிறன் அண்ணா. இங்கை மருத்துவமாதர் வீட்டுக்கே வருவினம். நானும் வீட்டிலைதானே பிறந்தனான்?" என்றாள்.

அவளுடைய கடைசி வார்த்தை என்னை வாயடைக்கச் செய்தது. அவள் வீட்டிற் பிறந்தவள் என்பது மெய்யே. ஆயினும் அந்த மெய்யிற் பாதியே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் அவளுடைய பிறந்தநாளன்று, "விளக்கு வெளிச்சத்திலை பிறந்த இலட்சுமி" என்று அம்மம்மா அவளைக் கொண்டாடுவார். அதற்கு மேலே கதை நீள்வதற்கு அவர் இடங்கொடுப்பதில்லை. பிறந்த பிள்ளையின்மேல் ஒரு பழிச்சொல் விழுந்துவிடக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அம்மம்மா காலஞ்சென்று பல ஆண்டுகளாகியும் நாங்கள் அவ்வழக்கத்தை மாற்றவில்லை.

அவள் பிறந்தது 1993ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டது முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கிலே நாங்கள் படித்தோம். பெற்றோல் கிடைப்பது அரிது. எங்கள் கிராமத்திலிருந்து வைத்தியசாலை ஒன்பது மைல் தூரத்தில் இருந்தது. இரவிற் பயணஞ் செய்வதற்கு எவரும் அஞ்சுவர். எனவே வீட்டிலேயே பிரசவத்தைப் பார்த்துக்கொள்வது என்று பெரியவர்கள் முடிவு செய்தனர். நான் அப்போது பதின்மூன்று வயதுப் பையன்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவமாது வெள்ளைச் சேலையுடுத்துச் சைக்கிளில் வருவார். குடும்பத்தவரின் முடிவைக் கேட்டதும் அவர் உடனே இசைந்துவிடவில்லை. அம்மாவின் இரத்த அழுத்தத்தை அளந்தார், சிறுநீரைச் சோதித்தார், வயிற்றின்மீது கைவைத்துப் பிள்ளையின் தலை கீழ்நோக்கி இருக்கின்றதா என்று பார்த்தார், குழலை வைத்து அதன் இதயத்துடிப்பைக் கேட்டார். நானும் தம்பியும் பிறந்தபோது ஏதேனும் சிக்கல் நேர்ந்ததா என்று துருவித் துருவி விசாரித்தார்.

அம்மம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏன் பிள்ளை இவ்வளவு கேள்வி? நான் ஏழு பெத்தனான். எல்லாம் இந்த அறைக்குள்ளைதான்" என்றார்.

"ஏழு பெத்தனீங்கள் அம்மா. எத்தினை நிண்டது?" என்று மருத்துவமாது கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை.

அம்மம்மா விடை கூறவில்லை. நின்றவை ஐந்து என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம்.

அதன்பின்னர் மருத்துவமாது சொன்னவற்றை ஒரு கொப்பித்தாளில் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. பழைய பருத்திச் சேலைகளை அவித்துத் தோய்த்து வெயிலில் உலர்த்திக் கட்டி வைக்க வேண்டும். அறையைக் கழுவித் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டும். புதிய சவர அலகும் கொப்புழ்க்கொடி கட்டுவதற்கு நூலும் தாமே கொண்டுவருவதாகச் சொன்னார். இவற்றை அம்மம்மாவும் ஒப்புக்கொண்டார். ஆனால் தாளின் மறுபக்கத்தில் எழுதியவைதாம் அவருக்கு அபசகுனமாகத் தோன்றின.

மூன்று வீடுகளுக்கு அப்பால் ஒரு பழைய ஒஸ்ரின் கார் நின்றது. அக்காலத்தில் அத்தகைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை முடுக்கிவிடச் சிறிதளவு பெற்றோல் மட்டும் வேண்டும். அக்காருக்குப் போய்வரப் போதுமான மண்ணெண்ணெயும் ஒரு சிறு போத்தலிற் பெற்றோலும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்றார். அம்மாவின் இரத்த வகையைச் சேர்ந்த இருவரை முன்கூட்டியே தேடிச் சம்மதம் பெற்றுக்கொள்ள வேண்டும். கிளினிக் அட்டையும் மாற்றுடுப்புகளும் சுடுதண்ணீர்ப் போத்தலும் அடங்கிய ஒரு பை கதவடியில் இருக்க வேண்டும். தம்மை அழைத்துவர யார் வருவது, காருக்கு யார் ஓடுவது என்பதையும் குறித்துக்கொண்டார். காருக்கு ஓடும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

"வீட்டிலை பெறுற பிள்ளைக்கு ஆசுபத்திரிக்குப் போறதுக்கு ஏன் ஆயத்தம்?" என்று அம்மம்மா முணுமுணுத்தார். "போக வழி இருந்தால்தான் அம்மா, நான் வீட்டிலை பாக்க ஓமெண்டு சொல்லுவன்" என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி.

பிரசவம் இரவு பதினொரு மணியளவில் நிகழ்ந்தது. பிள்ளை அழுத சத்தம் கேட்டு நாங்கள் திண்ணையில் இருந்து மகிழ்ந்தோம். அம்மம்மா கற்கண்டு எடுத்து வந்தார். அரைமணி நேரம் சென்றிராது, அறைக்கதவு திறந்தது. மருத்துவமாது என்னைப் பார்த்து, "தம்பி, காருக்கு ஓடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மழைச் சேற்றில் நான் ஓடியதும், கார்க்காரர் சாரத்தோடு எழுந்துவந்து அந்தச் சிறு போத்தலைக் கையிலெடுத்ததும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன.

நச்சுக்கொடி விழுந்தபின்னரும் இரத்தப்பெருக்கு நிற்கவில்லை. தம்மிடமிருந்த மருந்தை மருத்துவமாது கொடுத்தார். பிள்ளையை முலையில் விடச் செய்தார். அடிவயிற்றைப் பிசைந்து கருப்பையை இறுகச் செய்ய முயன்றார். அந்த ஒன்பது மைலும் காரின் பின்னிருக்கையில் முழந்தாளிட்டு, அம்மாவின் வயிற்றில் வைத்த கையை எடுக்காமலே சென்றார் என்று ஐயா பின்னர் சொன்னார். வைத்தியசாலையில் இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். அதனைக் கொடுத்தவர்கள், தாளின் மறுபக்கத்திற் பெயர் எழுதப்பட்டிருந்த அந்த இருவருமே. ஐந்தாம் நாள் அம்மா வீடு திரும்பினார்.

பிரசவத்தின் பின் உண்டாகும் இரத்தப்பெருக்கு, இன்றும் உலகெங்கும் தாய்மார் இறப்பதற்கு முதன்மையான காரணமாக உள்ளது. எச்சிக்கலும் இல்லாத தாய்க்கும் அது நேரலாம். சில மணி நேரத்துள் உயிரைப் பறிக்கவும் வல்லது. அன்று எங்கள் அறையின் துப்புரவில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆயினும் அம்மாவைக் காத்தவை பயின்ற ஒரு கையும், திறந்திருந்த ஒரு வழியுமே.

இந்நாட்டின் வரலாறும் இதனையே கூறுகின்றது. யாழ்ப்பாணத்தில் மானிப்பாயிலிருந்து பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1850களிலேயே மகப்பேற்று வைத்தியத்தைத் தமிழில் நூலாக்கினார். கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. பின்னர் அம்முறை நாடெங்கும் பரவியது. பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமங்களில் வீடு தேடிச் செல்லலாயினர். 1930களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1947க்கும் 1950க்கும் இடையில் அத்தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மலேரியா ஒழிப்பும் புதிய மருந்துகளும் அதற்குத் துணைபுரிந்தன. எனினும் வீட்டு வாசலுக்கு வந்த மருத்துவமாதரும், அவர்கள் அனுப்பிய தாய்மாரை ஏற்றுக்கொண்ட வைத்தியசாலைகளும் இல்லாதிருந்தால் இம்மாற்றம் நிலைத்திராது. 2019ஆம் ஆண்டளவில் அத்தொகை 30 அளவிற்கு இறங்கிவிட்டது.

தங்கையின் தொலைபேசி அழைப்புக்குப் பின் இரண்டு நாட்கள் நான் மனங்குழம்பியிருந்தேன். சொல்லாவிட்டால் வஞ்சகம், சொன்னால் கர்ப்பிணிப் பெண்ணை அச்சுறுத்தியதாகும். இறுதியில் அம்மாவிடமே கேட்டேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "சொல்லு தம்பி. பயப்படுத்த வேண்டாம். கேக்க வேண்டியதை அவள் கேக்கட்டும்" என்றார்.

சொன்னேன். மறுமுனையிலிருந்து நெடுநேரம் சத்தம் வரவில்லை. "இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் தகுந்த விடை இருக்கவில்லை. அன்பின் பொருட்டு மறைத்தோம் என்பது மெய்யாயினும், அறியவேண்டியதை அறியும் உரிமை அவளுக்கு இருந்ததல்லவா?

அடுத்த கிழமை அவள் தன்னுடைய மருத்துவமாதிடம் யாவற்றையும் சொன்னாள். அவர்கள் அதனைக் குறித்துக்கொண்டு, முதற்பிரசவத்தில் எவ்வளவு இரத்தம் போயிற்று என்பதைப் பழைய பதிவிற் பார்த்தனர், இரத்தச் சோகை உண்டா என்று மீண்டும் சோதித்தனர், வைத்தியரையும் கலந்துகொண்டனர். வீட்டிற் பெறுவதற்குத் தடையில்லை என்றபின், அவர்கள் இட்ட ஒழுங்குகளைத் தங்கை எனக்கு வாசித்துக் காட்டினாள். பிள்ளை பிறக்கும் வேளையில் மருத்துவமாதர் இருவர் உடனிருப்பர். பிறந்தவுடன் கருப்பையை இறுகச் செய்யும் ஊசி போடப்படும். பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் உதவும் கருவி அறையில் இருக்கும். வைத்தியசாலை பத்து நிமிடத் தூரத்தில். அம்புலன்ஸ் அழைத்தால் வரும். ஐயம் தோன்றினாற் காத்திராது புறப்பட வேண்டும். கதவடியில் ஒரு பை ஆயத்தமாக இருக்க வேண்டும். கேட்கக் கேட்க, என் கையால் எழுதிய அந்தக் கொப்பித்தாளின் மறுபக்கத்தையே கேட்பதுபோல் இருந்தது.

இங்கிலாந்தில் இதுபற்றி 64,000க்கும் மேற்பட்ட தாய்மாரை ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்கள் யாவரும் சிக்கல் குறைந்தவர்கள் எனக் கணிக்கப்பட்டவர்கள். வீட்டிற் பெறத் திட்டமிட்ட முதற்பிரசவத் தாய்மாருள் 100க்கு 45 பேர் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டனர். முன்னர் பெற்றவர்களுள் 12 பேர். முதற்பிரசவத்தில் வீடு குழந்தைக்குச் சற்றுக் கூடிய ஆபத்தைத் தந்தது. பின்னைய பிரசவங்களில் அவ்வேற்றுமை காணப்படவில்லை. இவ்வெண்கள் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. வீட்டிலிருந்து புறப்பட நேர்வது தோல்வியன்று. திட்டத்தின் ஒரு பகுதியே அது.

திருச்சிராப்பள்ளியில் இறைவன் தாயுமானவர் என்னும் பெயருடன் எழுந்தருளியிருக்கின்றார். பேறுகாலத்தில் மகளுக்கு உதவப் புறப்பட்ட தாய், காவிரி பெருக்கெடுத்ததால் அக்கரையிலே நின்றுவிட, சிவபெருமானே தாயின் உருவெடுத்து மருத்துவம் பார்த்தார் என்பது தலபுராணம். சிறுவயதிற் கோயில் வீதியில் இக்கதையைக் கேட்டபோது இறைவனின் கருணையை மட்டும் எண்ணினேன். இப்போது அந்த வெள்ளத்தையும் எண்ணுகின்றேன். வழி அடைபடும்போது என்ன நேரும் என்ற அச்சம் எத்துணைப் பழையது! தெய்வத்தை வணங்குவோம், ஆற்றைக் கடக்கத் தோணியையும் தேடி வைப்போம்.

இலங்கையில் வாழும் சகோதரிகள் இதனைப் படித்துவிட்டு வீட்டிலே பெற எண்ணுதல் வேண்டாம். தங்கைக்குக் கிடைத்த இரண்டு மருத்துவமாதரும் கருவிகளும் இங்கு வீடு தேடி வரும் ஒழுங்கு இல்லை. நம் நாட்டிற் பிறப்புகளில் 100க்கு 99க்கும் மேற்பட்டவை வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. அதனாலேயே பல வீடுகளிற் கண்ணீர் குறைந்தது. ஆயினும் வைத்தியசாலையிற் பெறுபவர்களுக்கும் வழியைப்பற்றிய திட்டம் வேண்டும். உங்கள் பகுதி மருத்துவமாது கர்ப்ப காலத்தில் வீட்டுக்கு வரும்போது அவரிடம் மனந்திறந்து பேசுங்கள். தாய்க்கோ தமக்கைக்கோ பிரசவத்தில் ஏதேனும் நேர்ந்திருந்தால் அதனை மறையாது சொல்லுங்கள். நள்ளிரவில் நோவெடுத்தால் எந்த வாகனம், மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்பவற்றை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழிந்து ஒரு விடியற்காலையில் தொலைபேசி ஒலித்தது. தங்கை தன் வீட்டிலேயே சுகமாகப் பெற்றுவிட்டாள். அம்மா தொலைபேசியை வாங்கினார். ஆணோ பெண்ணோ என்று அவர் முதலிற் கேட்கவில்லை.

"அந்தப் பை கதவடியிலை இருந்ததோ பிள்ளை?" என்றார்.

"இருந்தது அம்மா. திறக்கேல்லை."

அம்மா சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பின்னரே பேத்தி பிறந்திருக்கின்றாள் என்ற செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார்.