பேசுவது யார்

என் நண்பர் ஒருவர் பூதப்பாண்டியில் பத்திர எழுத்தராக இருந்தார். 2024 ஆடியில் காலமானார். கவிதைகளும் எழுதியவர். ஒரே ஒரு சிறு தொகுப்பு வந்தது. அதைப் பற்றி எழுதப்பட்ட ஒரே மதிப்புரை 2014-ல் நான் எழுதியது. கடுமையான மதிப்புரை. கடுமை என்ற சொல்லை இப்போது போடுகிறேன். அப்போது கறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அனுபவம் இல்லாத வறட்டு மொழி, கிரையப் பத்திரத்தின் தோரணையை இவரால் உதற முடியவில்லை என்று எழுதியிருந்தேன். அதன் பின் அவர் எங்கும் எதையும் வெளியிடவில்லை. என்னிடம் அது பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. வங்கிக்கு வரும்போது சலானை நீட்டிக்கொண்டே, 'சாப்பிட்டாச்சா' என்பார். அவ்வளவுதான்.

2025 ஐப்பசியில் அவர் மனைவி வீட்டுக்கு வந்து ஒரு துணிப்பையை என் மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு நெட்புக்.

'தம்பி, இதுல அவிய எழுதுனது ஏதாவது கெடக்கான்னு பாத்துச் சொல்லுங்க. கடையில காட்டுனதுக்கு, எல்லாத்தையும் அழிச்சாத்தான் ஓடும்ங்கான். ஒண்ணும் இல்லேண்ணா ஆக்கருக்குப் போட்டுரலாம்.'

'வச்சிட்டுப் போங்க மைனி, பாக்கேன்' என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தியது என்னால்தானோ என்ற கேள்வி அந்தப் பைக்குள் இருந்தது மைனிக்குத் தெரியாது.

நெட்புக் என்பது 2007-ல் தோன்றி, ஐந்தாறு வருஷங்களில் டேப்லெட்டுகளுக்கு வழிவிட்டு மறைந்த ஒரு ஜாதி. இதில் பத்து அங்குலத் திரை, 2008-ல் வந்த ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி நினைவகம், விண்டோஸ் எக்ஸ்பி. தயாரித்தவர்கள் இதற்கென்று அங்கீகரித்தது எக்ஸ்பி ஒன்றைத்தான். அந்த எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ல் கைவிட்டுவிட்டது. ஆகவே இதில் இனி எதைப் போட்டாலும் அது எவருடைய உத்தரவாதமும் இல்லாத காரியம். லினக்ஸ் ஒன்றைப் போடலாம் என்று எண்ணினேன். எனக்கு அதில் பரிச்சயம் வந்தது தமிழக அரசின் இலவச மடிக்கணினியால். 2011 செப்டம்பரில் துவங்கிய அத்திட்டத்தில் என் தங்கைக்குக் கிடைத்த மடிக்கணினியில் விண்டோஸோடு, டெபியனை ஆதாரமாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவள் தோழிகள் முதல் வாரத்திலேயே அதை அழித்துவிட்டார்கள். நான் மட்டும் வைத்து நோண்டிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் இரவு நெட்புக்கை இயக்கினேன். கறுப்புத் திரையில் ஒரு வாக்கியம்: ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட். இயங்குதளம் காணப்படவில்லை. கடைக்காரர் இதைத்தான், 'ஹார்டு டிஸ்க் போச்சு' என்று வாசித்திருக்கிறார். நானும் அப்படித்தான் வாசித்தேன்.

லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைச் செருகினேன். நெட்புக் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் அதை யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மட்டுமாகத் தயார் செய்திருந்தேன். இதில் இருப்பதோ பழைய பயாஸ். மறுநாள் இரவு பயாஸுக்கு ஏற்றபடி வேறொன்று தயார் செய்தேன். இம்முறை ஒரு வாக்கியம் வந்தது. இந்தக் கெர்னலுக்கு வேண்டியது எக்ஸ்86-64 செயலி, ஆனால் இங்கே தென்படுவது ஐ686 மட்டுமே, துவக்க இயலாது. விஷயம் தெளிவு. 64 பிட்டுக்கென்று எழுதப்பட்டதை 32 பிட் செயலியிடம் நீட்டியிருக்கிறேன். என்270-க்கு 64 பிட் தெரியாது. குறை யாருடையது? செயலி தன் இயல்பில் இருக்கிறது. கெர்னலும் தன் இயல்பில் இருக்கிறது. பொருந்தாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தவன் நான்.

அந்த வாக்கியத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் நேர்மை என்னைத் தொந்தரவு செய்தது. எனக்கு என்ன வேண்டும், இங்கே எதைக் காண்கிறேன் என்ற இரண்டை மட்டும் சொல்லி அது நின்றுவிடுகிறது. இந்தச் செயலி மட்டம் என்று சொல்லவில்லை. 2014-ல் நான் எழுதிய மதிப்புரையில் இதில் முதல் பாதியே கிடையாது. எனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை மறைத்துவிட்டு, அவரிடம் அது இல்லை என்று மட்டும் எழுதியிருந்தேன்.

32 பிட்டுக்கு இன்று இடம் குறுகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 9-ல் வெளிவந்த டெபியன் 13-ல் அதற்கான நிறுவி இல்லை. முந்தைய டெபியன் 12-ன் அடிப்படையில் அமைந்த ஆன்டிஎக்ஸ் என்ற சிறிய லினக்ஸில் 32 பிட் வடிவம் உண்டு. வட்டைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடக்கூடியது. மூன்றாம் நாள் இரவு அதைச் செருகினேன். துவங்கியது, வரிகள் ஓடின, திரை கறுத்தது. கெர்னல் திரையின் அமைப்பைத் தன் கைக்கு எடுக்கும் இடத்தில் சில பழைய கருவிகள் இப்படி இருண்டுவிடுவது உண்டு. துவக்க வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்த வேலையை அது செய்யாது. சேர்த்தேன். திரை வந்தது.

வட்டு நன்றாகவே இருந்தது. எந்தப் பிழையும் இன்றி முழுவதும் படிக்க முடிந்தது. முதல் காரியமாக மொத்தத்தையும் வெளியே ஒரு வட்டில் பிரதி எடுத்தேன். பிறகுதான், காணப்படவில்லை என்று சொன்னது யார் என்ற கேள்விக்கு வந்தேன்.

பழைய முறையில் ஒரு கம்ப்யூட்டர் விழித்தெழுவது கைமாற்றிக் கைமாற்றி நடக்கிற காரியம். முதலில் பயாஸ். அதற்கு எக்ஸ்பி என்றால் என்னவென்று தெரியாது. வட்டின் முதல் செக்டாரை, 512 பைட்டை, நினைவகத்தில் ஏற்றி அதனிடம் பொறுப்பை விடுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த 512-ல் 446 பைட் நிரல். 64 பைட் பிரிவு அட்டவணை. கடைசி 2 பைட் முத்திரை. 446 பைட்டுக்குள் என்ன பேசிவிட முடியும்? விண்டோஸ் எழுதும் அந்த நிரலுக்கு மூன்று வாக்கியங்கள்தான் தெரியும். அட்டவணை செல்லாது என்பது ஒன்று. இயங்குதளத்தை ஏற்றுவதில் பிழை என்பது அடுத்தது. செக்டாரைப் படிக்க முடியவில்லை என்று பொருள். இயங்குதளம் இல்லை என்பது மூன்றாவது. படித்த செக்டாரில் முத்திரை இல்லை என்று பொருள். அதையும் தாண்டி எக்ஸ்பி பிரிவின் துவக்க செக்டாருக்குப் போனால், என்டிஎல்டிஆர் இல்லை என்பது போன்ற வாக்கியங்கள். ஒவ்வொரு குரலுக்கும் தனக்கு அடுத்த ஒரு படி மட்டுமே தெரியும். வாக்கியத்தின் சொற்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தாலும், அதைச் சொல்வது யார் என்று தெரிந்தால் மட்டுமே அது எதைப் பற்றியது என்று தெரியும்.

என் திரையில் வந்தது பயாஸின் குரல். அட்டவணையில் நான்கு பிரிவுகளுக்கு இடம் உண்டு. ஆளுக்கு 16 பைட். ஒவ்வொன்றின் முதல் பைட்டும், இதிலிருந்து துவங்கு என்பதற்கான அடையாளம். பதினாறடிமான எண்ணில் 80 என்றால் ஆம், 00 என்றால் இல்லை. நான்கும் 00 என்றால் அந்த நிரல் தன் மூன்று வாக்கியங்களில் ஒன்றையும் சொல்லாமல் பயாஸிடமே பொறுப்பைத் திருப்பிவிடும். பயாஸ் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும். இங்கே நான்கும் 00. ஒரு பைட். கவிதைகள், பத்திரங்கள், புகைப்படங்கள் எல்லாம் அப்படியே கிடக்க, ஒரு பைட்டைக் காணாததால் காணப்படவில்லை என்ற வாக்கியம். அதை நம்பி எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்ற யோசனை.

வங்கியில் நான் தினமும் செய்கிற காரியம் இதற்கு அருகிலேயே இருந்தது. காசோலை திரும்பும்போது காரணத்தைக் குறித்து ஒரு சீட்டு இணைக்கிறோம். பணம் போதாது என்றால், இந்த வேளையில் இந்தக் கணக்கில் இவ்வளவு இல்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கவுண்டருக்கு வெளியே நிற்பவர், எழுதியவன் மோசடிக்காரன் என்று வாசிக்கிறார். அப்படி இல்லை என்று எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன்! கவிதை என்று வரும்போது நானே கவுண்டருக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

பத்திரங்கள் என்ற கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை. அதில் நாற்பத்தோரு கோப்புகள். திறந்தால் ஆங்கில எழுத்துக்களின் குப்பை. ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. சற்று நேரம் கழித்துத்தான் அது தமிழ் என்ற சொல் என்று புலப்பட்டது. பாமினி எழுத்துரு. அதில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவம் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்து மட்டும் மிஞ்சும். எக்ஸ்பியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியைப் பிரதி செய்து கொண்டுவந்தேன். கவிதைகள் வந்தன.

முதலில் பார்த்தது தேதிகளை. ஒப்புக்கொள்கிறேன், கவிதைகளை அல்ல. பெரும்பாலானவற்றில் 2009 ஜனவரி 1. ஆக, என் மதிப்புரைக்கு வெகுமுன்பே எழுதி முடித்துவிட்டார், நிறுத்தியது நான் அல்ல. எனக்கு வந்தது ஆறுதல். ஒரு நிமிஷம் நீடித்திருக்கும். அடுத்துத் திறந்த கோப்பு என் மதிப்புரை. முழுவதையும் அவர் தட்டச்சு செய்து வைத்திருந்தார். எந்தக் குறிப்பும் இல்லை. ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தியிருந்தார். 2014-ல் நான் எழுதிய அதற்கும் தேதி 2009 ஜனவரி 1.

கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கும் வட்ட பேட்டரி செத்திருக்கிறது. நெட்புக்கின் பெரிய பேட்டரியும் சக்தியற்றுப் போனதால், மின்சாரம் போகும்போதெல்லாம் அது தன் ஆதி தேதிக்குத் திரும்பியிருக்கிறது. தேதிகளும் ஒரு குரல்தான்; அதற்குத் தெரிந்ததை அது சொன்னது. கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் கவிதைகளை வாசிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

வாசித்தேன். ஒரு கவிதை கிரையப் பத்திரத்தின் தபசில் வடிவத்தில் இருந்தது. சொத்து, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு படகு. நால் எல்கை சொல்ல வேண்டிய இடத்தில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு நான்குக்கும் கடல் என்றே எழுதியிருந்தார். அளவு, மதிப்பு, வாரிசுகள் எல்லாம் பத்திரத்தின் அதே வறண்ட மொழி. கீழே ஒக்கி என்ற பெயர். 2017 நவம்பர் 30-ல் எங்கள் மாவட்டத்தைக் கடந்து போன அந்தப் புயலில் கரைக்குத் திரும்பாதவர்களின் குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். வங்கிக்கும் வந்தார்கள், நாமினி படிவம் கொடுத்திருக்கிறேன். ஆள் இறந்ததற்கு ஒரு தாள் இல்லாதபோது பத்திரமோ வங்கியோ என்ன பேச முடியும்? தனக்குத் தெரிந்த நாலைந்து வாக்கியங்களைத்தான் பேசும். அந்தக் கவிதையில் பேசுவது நண்பர் அல்ல, பத்திரம். 2014-ல் நான் வறட்சி என்று கண்டதும் பத்திரத்தின் குரலைத்தான். அது யாருடைய குரல் என்று ஒரு கணம் கேட்டிருந்தால் அதன் பின்னால் ஒருவர் நிற்பது தெரிந்திருக்கும்.

அவர் நிறுத்தவில்லை. மூன்று வருஷம் கழித்தும் எழுதியிருக்கிறார். எனக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். இது எனக்கு ஆறுதலா தண்டனையா என்று பிரித்துப் பார்க்க முயன்று விட்டுவிட்டேன்.

பழைய வட்டைக் கழற்றி உறையில் போட்டு, என்னிடமிருந்த ஓர் உதிரி வட்டை மாட்டி அதில் ஆன்டிஎக்ஸை நிறுவினேன். பென்டிரைவோடு துவங்கியது; பென்டிரைவை உருவியதும் மீண்டும் அதே வாக்கியம், காணப்படவில்லை. இம்முறை பதறவில்லை. பேசுவது பயாஸ். அதற்கு இந்த வட்டின் முதல் செக்டாரில் ஒன்றும் கிடைக்கவில்லை. துவக்க நிரலை நான் வட்டுக்குப் பதிலாகப் பென்டிரைவிலேயே எழுதியிருந்தேன். சரியான இடத்தில் மறுபடி எழுதியதும் தானே எழுந்தது.

கவிதைகளை யூனிகோடுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி வைத்து, மைனியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படகுக் கவிதையை வாசித்துவிட்டு, 'இது பத்திரம்லா?' என்றார்.

'பத்திரந்தான் மைனி' என்றேன்.

இதை வாசிக்கும் பத்துப் பன்னிரண்டு பேரில் சிலர் அந்த மதிப்புரையையும் வாசித்தவர்கள். நான் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒற்றுப்பிழை திருத்தப்பட்ட பிரதி என்னிடம் இருக்கிறது. நாற்பத்தோரு கோப்புகளில் அது போக நாற்பது கவிதைகள். புத்தகமாக்க மைனி சம்மதித்திருக்கிறார். முன்னுரை என்னைக் கேட்டார். வேறு யாரிடமாவது கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.