பழைய வண்டியும் நம் கையும்

பழைய மோட்டார் வண்டியை வைத்துக் காப்பாற்றுவோர் அனைவர் முன்னும் ஒரு கேள்வி நிற்கிறது. எந்தப் பழுதை நாமே நீக்குவது, எதற்குப் பட்டறைக்குச் செல்வது? எளிய வேலையை வீட்டில் செய்துகொள்ளலாம், கடினமானதை மேஸ்திரியிடம் விடலாம் என்பதே பெரும்பாலோர் தரும் விடை. அவ்விடை நமக்கு உடன்பாடன்று.

நம் வீட்டு வாசலில் நிற்பது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பூட்டிய அம்பாசிடர். கொல்கத்தாவை அடுத்த உத்தரபாரா ஆலையில் அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுபோயிற்று. 15 ஆண்டுப் பதிவுக் காலம் முடிந்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து ஓட்டி வருகிறோம். பானெட்டைத் தூக்கினால் எஞ்சினைச் சுற்றி இரு கைகளும் தாராளமாக நுழையும். பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் கார்புரேட்டரும் கண்ணெதிரே இருக்கும். இக்காலத்து வண்டிகளில் காணக் கிடைக்காத இந்தத் தாராளமே, எதையும் கழற்றிப் பார்க்கலாம் என்னும் ஆசையைக் கிளப்பி விடுகிறது. ஆசைக்கு எல்லை வகுக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டைத் தேய்த்து, ஃபீலர் கேஜ் கொண்டு இடைவெளி வைப்பது புதியவர்க்கு மலைப்பாகத் தோன்றும் வேலை. அதில் பிசகினால் என்ன நேரும்? வண்டி கிளம்பாது, கிளம்பினாலும் இருமி இருமி ஓடும். அவ்வளவே. ஆகவே அது நம் வேலை. பிளக்கைச் சுத்தம் செய்வது, ஃபேன் பெல்ட்டை இறுக்குவது, ஆயில் மாற்றுவது, முன்சக்கர முட்டுகளுக்கு கிரீஸ் அடிப்பது ஆகியனவும் அவ்வாறே. பாட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலில் எடுத்து, பூட்டும்போது அதைக் கடைசியில் மாட்டினால் போதும். ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்காது.

பிரேக்கின் கதை வேறு. சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்துவிட்டால் உள்ளே இரண்டு ஷூக்கள், சில ஸ்பிரிங்குகள், ஒரு சிறு சிலிண்டர். பார்வைக்குக் குழந்தை விளையாட்டு. "செல்போனில் பார்த்து நாமே செய்திடலாமே வாப்பா" என்று நம் மகன் கேட்டதில் வியப்பில்லை. ஆனால் குழாயில் சிறிது காற்று தங்கிவிட்டாலும், மிதிக்கும் விசை காற்றை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் தரையைத் தொட்டுவிடும். பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயிலைத் தவறி ஊற்றிவிட்டாலோ, ரப்பர்கள் ஊதிக் கெட்டுப்போகும். வண்டி ஓடாமல் நின்றால் வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருப்போம். ஓடும் வண்டி நிற்காவிட்டால்? பின்னிருக்கையில் உம்மாவும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள் அல்லவா?

பெட்ரோல் ரப்பர் குழாயும் இந்த வகையைச் சேர்ந்ததே. இரண்டு கிளிப்புகளைத் தளர்த்தினால் முடிகிற காரியந்தான். எனினும் இந்த எஞ்சினில் கார்புரேட்டரும், சூடேறிக் கிடக்கும் எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. இப்போது பங்குகளில் கிடைப்பதோ 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது அரிக்கும். கசிந்த துளி எங்கே விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் குழாயைக் கேட்டு வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்துவிடுகிறோம்.

ஆயினும் பார்ப்பதை எவரிடமும் விட்டுவிடலாகாது. வாரம் ஒருமுறை குனிந்து, கசிவு உண்டா, குழாயில் வெடிப்பு உண்டா, கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் பிரேக் குழாய் துருவேறியதா என்று நோக்குவது உடையவன் கடமை. குனிந்து பார்க்கலாம், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது கூடவே கூடாது. செங்கல்லை முட்டுக் கொடுப்போரும் உளர். செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். உறுதியான ஸ்டாண்டு இல்லையேல் அந்த வேலை நமக்கு வேண்டாம்.

இன்னொரு சங்கடம் உண்டு. சிறு வேலைகளையெல்லாம் நாமே செய்துகொண்டால், அவற்றையே நம்பியிருக்கும் பட்டறைக்காரர் எப்படிப் பிழைப்பார்? அம்பாசிடரின் குணமறிந்த கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அவர் கடையை மூடினால் நம் வண்டிக்கும் அதுவே முடிவு. இதை வெளிப்படையாகவே அவரிடம் பேசினோம். "பாயிண்டை நீங்க பாத்துக்குங்க பாய், பிரேக்கை மட்டும் தள்ளிப் போடாதீங்க" என்றார். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக் கூடியது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை தாழும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பழுது இல்லாவிட்டாலும், ஆயில் மாற்ற வண்டியை அவரிடம் விடுகிறோம், பேரம் பேசுவதில்லை. டிரம்மில் படிந்த தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டோம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. ஊதினால் அது முதலில் சேர்வது, அருகில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனின் நெஞ்சில்.